செல்லம் கொடுத்துக் கொல்லலாமா?

சிறுவன் கையில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு கினிப் பன்றிகள். வீடே திரண்டு வந்து பார்க்கிறது.

பாட்டி கிண்ணத்தில் பால் சோறு கொண்டு வருகிறாள். அம்மா பிஸ்கட்டை நொறுக்கிப் போடுகிறாள். அப்பா, கடைக்காரர் கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்கிறார். உள்ளே தினையும், கம்பும், உடைத்த சோளமும் இருக்கின்றன.

"தின்கிறது! தின்கிறது!" என்று பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்.

நாலு நாள் ஆகிறது. ஒன்று மூலையில் சுருண்டு உட்கார்ந்து கொள்கிறது. வயிறு மத்தளம் போல் உப்பி இருக்கிறது. மறுநாள் காலையில் அதற்கு உயிர் இல்லை.

மற்றது ஒரு மாதம் தாங்குகிறது. முடி சிலிர்த்து, கால் வீங்கி, நடக்க மாட்டாமல் அதுவும் செத்துப் போகிறது.

"கண் பட்டுவிட்டது" என்கிறாள் பாட்டி. "சீக்குப் பிராணியைத் தலையில் கட்டிவிட்டான்" என்கிறார் அப்பா.

இரண்டும் இல்லை. முதலாவதைக் கொன்றது பால் சோறும் பிஸ்கட்டும். இரண்டாவதைக் கொன்றது பச்சை இலை கிடைக்காத பட்டினி. வயிறு நிறைய தீனி தின்று கொண்டே அது பட்டினி கிடந்தது!

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. கினிப் பன்றி வாங்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் கதை.

பன்றியும் இல்லை, கினியும் இல்லை

கடைகளில் இதை 'கினி பிக்' என்பார்கள். 'சீமைப் பெருச்சாளி' என்று தமிழில் சொல்வதும் உண்டு. இது பன்றி இனம் அல்ல. எலி, அணில் போலக் கொறிக்கும் இனம். ஆப்பிரிக்காவில் உள்ள கினி நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பெரு, பொலிவியா, ஈக்வடார் நாடுகளில் உள்ள ஆண்டிஸ் மலைப் பகுதி. அங்கே இதன் பெயர் 'கூய்'. பல ஆயிரம் ஆண்டுகளாக அந்த மலை மக்கள் இதை வளர்த்து வருகிறார்கள்.

எதற்காக? கொஞ்சுவதற்கு அல்ல. சமைத்துத் தின்பதற்கு!

குடிசையின் அடுப்பங்கரையில் பத்து, இருபது கூய்கள் ஓடித் திரியும். அவற்றைப் பார்த்துக் கொள்வது பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். வயலுக்குப் போனவள் திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டுப் புல் இருக்கும். குதிரைமசால் இருக்கும். மக்காச்சோளத் தோகை இருக்கும். அதைத் தரையில் வீசுவாள். காய்கறித் தோலையும் போடுவாள். அவ்வளவுதான். கூய்கள் கொழுகொழு என்று வளர்கின்றன. குட்டி போடுகின்றன.

கொன்று தின்பதற்காக வளர்க்கிறவள் புல் போடுகிறாள். மகனைப் போல் வளர்க்கிறவர்கள் பால் சோறு போடுகிறார்கள். எது அன்பு? அந்தச் சின்னப் பிராணியைக் கேட்டால், புல் போட்டவளைத்தான் காட்டும்.

வயிறா, ஊறல் பானையா?

மனிதன் வயிறு வேறு. கினிப் பன்றியின் வயிறு வேறு.

மாடு புல்லைத் தின்று அசை போடுகிறது. கினிப் பன்றி அசை போடுவதில்லை. ஆனாலும் புல்லைச் செரிக்கிறது. எப்படி?

அதன் வயிற்றுக்குள் பெரிய பை போல ஒரு குடல் இருக்கிறது. குருட்டுக் குடல் என்று அதற்குப் பெயர். மனிதனுக்கு அது சிறியது. கினிப் பன்றிக்கோ வயிற்றுக்குள் பெரிய இடத்தை அதுவே அடைத்துக் கொண்டிருக்கிறது. அந்தப் பைக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புல்லில் உள்ள நாரை அவை ஊற வைத்து, புளிக்க வைத்து, சத்தாக மாற்றித் தருகின்றன. இட்லி மாவு பானையில் புளிப்பது போலத்தான்.

இந்த நுண்ணுயிர்களுக்கு வேண்டியது நார். நார் தொடர்ந்து வந்து கொண்டே இருந்தால்தான் குடல் அசையும். நார் நின்றால் குடலும் நிற்கும்.

நாருக்குப் பதிலாகச் சோறும், ரொட்டியும், சர்க்கரையும் உள்ளே போனால் என்ன ஆகும்? நல்ல நுண்ணுயிர்கள் வாடும். கெட்டவை பெருகும். காற்று அடைக்கும். வயிறு உப்பும்.

மனிதனுக்கு அஜீரணம் வந்தால் ஏப்பம் விடலாம், வாந்தி எடுக்கலாம். கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது! உள்ளே போனது வால் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். (வால் என்று சொன்னது பேச்சுக்கு. இதற்கு வெளியே தெரியும் வால் கிடையாது.) குடல் நின்றுபோனால் போக்கிடம் இல்லை. ஒரே நாளில் உயிருக்கு ஆபத்து வரும்.

இன்னொரு விஷயம். கினிப் பன்றி தன் புழுக்கையைத் தானே தின்னும். பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சிலர் அடிக்கவும் செய்வார்கள். அடிக்க வேண்டாம். குருட்டுக் குடலில் தயாரான சத்து மிருதுவான புழுக்கையாக வெளியே வருகிறது. அதைத் திரும்பத் தின்றால்தான் 'பி' வைட்டமின்கள் உடம்பில் சேரும். அது அசிங்கம் அல்ல. அதன் சமையல்!

பல் வளர்ந்து கொண்டே இருக்கும்

கினிப் பன்றிக்கு 20 பற்கள். ஆயுள் முழுதும் அத்தனையும் வளர்ந்து கொண்டே இருக்கும். தேய்ந்தால்தான் அளவாக நிற்கும்.

எதனால் தேயும்? புல்லை மணிக்கணக்கில் மெல்லுவதால் தேயும். சோற்றை மெல்ல வேண்டியதில்லை. பிஸ்கட் வாயில் கரைந்துவிடும். அப்புறம் கடைவாய்ப் பல் வளர்ந்து நாக்கின் மேல் பாலம் போடும். பிராணி பசியோடு தீனியிடம் ஓடி வரும். வாயில் வைக்கும். கீழே போட்டுவிடும். முகவாய் எச்சிலில் நனைந்திருக்கும். "இதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று வீட்டார் வேறு பிஸ்கட் வாங்கப் போவார்கள்.

நார்வே நாட்டில் நடந்த அதிசயம்

இரண்டாவது கினிப் பன்றி கால் வீங்கிச் செத்ததே, அது ஏன்? அதற்கு விடை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது.

1907-ம் ஆண்டு. நார்வே நாட்டின் தலைநகரம். இன்று ஆஸ்லோ என்று சொல்கிறோமே, அதற்கு அன்று கிறிஸ்டியானியா என்று பெயர். கப்பலில் நெடுந்தூரம் போகும் மாலுமிகளுக்கு ஒரு நோய் வந்து கொண்டிருந்தது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இரண்டு டாக்டர்கள் முயன்றார்கள்.

அவர்கள் கினிப் பன்றிகளைக் கூண்டில் வைத்தார்கள். வெறும் தானியமும் ரொட்டியும் மட்டும் கொடுத்தார்கள். எதிர்பார்த்த நோய் வரவில்லை. வேறொன்று வந்தது! பற்கள் ஆடின. மூட்டுகளில் ரத்தம் கசிந்தது. பிராணிகள் செத்தன.

டாக்டர்கள் திகைத்தார்கள். அது 'ஸ்கர்வி' நோய். பழைய காலத்துக் கப்பல்களில் ஆயிரக்கணக்கான மாலுமிகளைக் கொன்ற நோய். அதற்கு முன்னால் ஸ்கர்வியை ஆராய்ச்சிக்கூடத்துப் பிராணியிடம் வரவழைத்து ஆராய முடிந்ததில்லை.

பிறகு அதே தானியத்தோடு கொஞ்சம் பச்சை முட்டைக்கோஸ் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எலுமிச்சைச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வரவில்லை!

காரணம் பின்னால் தெரிந்தது. நாய், பூனை, மாடு, எலி ஆகியவை வைட்டமின் 'சி' சத்தைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக் கொள்ளும். மனிதனால் முடியாது. குரங்கினால் முடியாது. கினிப் பன்றியாலும் முடியாது! இந்த ஒரு விஷயத்தில் அது மனிதனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அன்றாடம் வெளியிலிருந்து கிடைத்தால்தான் உண்டு.

வைட்டமின் 'சி' இன்னதுதான் என்று உறுதி செய்ததிலும் கினிப் பன்றிக்குப் பங்கு உண்டு. ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜியின் ஆராய்ச்சிக்கூடத்தில், 1930-களின் தொடக்கத்தில், கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துத்தான் அதைச் சோதித்தார்கள். தங்கள் ஊர்ச் சிவப்பு மிளகாயிலிருந்து அந்தச் சத்தை அவர்கள் ஏராளமாகப் பிரித்தெடுத்தார்கள். அவருக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதனுக்கு எது தேவை என்று சொல்லிக் கொடுத்த பிராணி அது. அதற்கு எது தேவை என்று மனிதன் தெரிந்து கொள்ளாமல் இருப்பது நியாயமா?

என்ன கொடுப்பது?

புல். முதலில் புல். பிறகும் புல்.

இரவும் பகலும் கூண்டில் புல் இருக்க வேண்டும். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி என்று அளந்து போடக் கூடாது. தின்னும் தீனியில் ஐந்தில் நாலு பங்கு புல்லாகவே இருக்கட்டும்.

நகரங்களில் 'திமோதி ஹே' என்று உலர்ந்த வெளிநாட்டுப் புல் பைகளில் விற்கிறார்கள். நல்ல சரக்குதான். விலை கடிக்கும். அதற்காகச் சோற்றுக்கு இறங்கிவிட வேண்டாம். பிள்ளையார் கோயில் வாசலில் மாலை கட்டி விற்கிறார்களே, அந்த அருகம்புல் போதும். கிராமத்தில் மாட்டுக்கு வளர்க்கும் கொழுக்கட்டைப் புல் போதும். கினியாப் புல் என்று ஒரு தீவனப் புல் உண்டு. கினிப் பன்றிக்குக் கினியாப் புல்! பெயர்ப் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் கினிப் பன்றி வளர்க்கும் ஏழைக் குடும்பங்கள் பல இதைத்தான் போடுகின்றன.

வைக்கோல் மட்டும் போதாது. அது நெல் எடுத்த பிறகு மிஞ்சிய தாள். அதில் சத்து இல்லை. படுக்கையாக வேண்டுமானால் போடலாம். பச்சையாக அறுத்து நிழலில் காய வைத்த புல் வேறு, வைக்கோல் வேறு.

புல் பறிக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். பூச்சி மருந்து அடித்த வயல் ஆகாது. நாய் காலைத் தூக்கும் தெரு ஓரம் ஆகாது. இயந்திரத்தால் வெட்டிக் குவித்து, சூடேறிப் போன ஈரப் புல்லும் ஆகாது. அது வயிற்றில் போய்ப் புளிக்கும். மொட்டை மாடியில் ஒரு தொட்டி இருந்தால் அதில் அருகம்புல்லை வளர்த்துக் கொள்ளலாம். தண்ணீர் ஊற்றுவதைப் பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள்.

அடுத்து வைட்டமின் 'சி'. ஒரு கிலோ எடையுள்ள கினிப் பன்றிக்கு நாள் ஒன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வேண்டும். சினையாக இருந்தால் இன்னும் அதிகம். இதற்கு மாத்திரை தேடி அலைய வேண்டாம். குடமிளகாயில் ஒரு துண்டு, சுமார் 20 கிராம், தினமும் கொடுத்தால் போதும். பச்சைக் குடமிளகாயைவிடச் சிவப்பில் சத்து அதிகம். கூடவே கொத்தமல்லித் தழை கொஞ்சம். கொய்யாப் பழம் ஒரு சிறு துண்டு, வாரத்தில் இரண்டு நாள். பழத்தில் சர்க்கரை இருக்கிறது. அன்றாடம் கொடுக்கக் கூடாது.

தண்ணீரில் வைட்டமின் மருந்தைக் கலந்து வைப்பவர்கள் உண்டு. அது பயன் தராது. வெளிச்சம் பட்டால் சில மணி நேரத்திலேயே சத்து குறைந்துவிடும்.

'பெல்லட்' என்று விற்கும் குச்சித் தீவனத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முயல் தீவனமும் கினிப் பன்றித் தீவனமும் பார்வைக்கு ஒன்றுதான். முயல் தன் வைட்டமின் 'சி'யைத் தானே தயாரித்துக் கொள்ளும். ஆகவே முயல் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை. "எல்லாம் ஒன்றுதான், எடுத்துப் போங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். கினிப் பன்றித் தீவனமே ஆனாலும், தயாரித்து மூன்று மாதத்துக்கு மேல் ஆனால் வைட்டமின் 'சி' குறைந்து போயிருக்கும். பொட்டலத்தில் தேதி பார்க்க வேண்டும். நாளைக்கு ஒரு கரண்டி போதும்.

குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குட்டிகளுக்கும் சினைப் பிராணிக்கும் நல்லது. வளர்ந்த பிராணிக்கு அதையே தினமும் போட்டால் மூத்திரப் பையில் கல் உண்டாகலாம். ஆண்டிஸ் மலைக் கூய் சில மாதங்களிலேயே சட்டிக்குப் போய்விடும். கல் உண்டாக அதற்கு நாள் ஏது? வீட்டில் வளர்வதோ ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை வாழ வேண்டியது!

முட்டைக்கோஸ் அன்று நார்வேயில் உயிர் காத்தது உண்மை. ஆனால் அதிகம் தின்றால் காற்று அடைக்கும். ஓர் இலை போதும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, பால், சாக்லேட், முறுக்கு, மிக்சர் எதுவுமே கூடாது. எந்தப் புதுத் தீனியையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. இத்தனை நாள் சோறு தின்ற பிராணியாக இருந்தாலும், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லுக்குத் திருப்ப வேண்டும்.

வீட்டு மாத்திரை எமன்!

பிராணி சோர்ந்து கிடக்கிறது. அலமாரியில் பிள்ளைக்கு வாங்கிய மாத்திரை மீதி இருக்கிறது. "கால் மாத்திரை கரைத்து ஊற்றினால் என்ன?" என்று தோன்றும்.

ஊற்றவே கூடாது! பெனிசிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை வாய் வழியே கொடுத்தால், குருட்டுக் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்துப் போகும். கெட்டவை விஷத்தைக் கக்கும். சில நாட்களில் பிராணியும் போய்விடும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் 1940-ம் ஆண்டு மே 25-ந் தேதி, ஹோவர்ட் ஃப்ளோரி என்ற விஞ்ஞானி எட்டு சுண்டெலிகளுக்கு நோய்க் கிருமியை ஏற்றினார். அவற்றில் நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார். மருந்து பெறாத நாலும் விடிவதற்குள் செத்தன. உலகத்துக்கு அருமருந்து கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1943-ல், அதே மருந்து கினிப் பன்றியைக் கொல்கிறது என்று கண்டார்கள். சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப் பன்றியை ஃப்ளோரி எடுத்திருந்தால்? "இது மருந்து அல்ல, விஷம்" என்று மூடி வைத்திருக்கவும் கூடும்!

கினிப் பன்றிக்குக் கொடுக்கத் தக்க வேறு மருந்துகள் இருக்கின்றன. அதைக் கால்நடை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடைக்காரர் பொறுப்பு

இவ்வளவும் வீட்டார் தவறா? பாதிதான்.

பாட்டிக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போடுவது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. அவளிடம் "இது புல் தின்னும் பிராணி, சோறு போடாதீர்கள்" என்று சொல்ல வேண்டியவர் விற்றவர். காசை எண்ணி வாங்கத் தெரிந்தவருக்கு அந்த ஒரு வாக்கியம் சொல்லவா நேரமில்லை? லவ் பேர்ட்ஸ் தீனியை ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்து அனுப்புவது வியாபாரமும் அல்ல, தர்மமும் அல்ல.

செல்லப் பிராணிக் கடைகள் பதிவு பெற்றுத்தான் நடக்க வேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு விதி செய்தது. விதி இருக்கட்டும். ஒவ்வொரு கூண்டோடும் தமிழில் அச்சடித்த ஒரு துண்டுக் காகிதம் தரலாமே! என்ன தீனி, எவ்வளவு, எது ஆகாது என்று பெரிய எழுத்தில் பத்து வரி. அதைக் கொடுக்காத கடையில் பிராணி வாங்காமல் இருக்கலாம். நாலு பேர் அப்படித் திரும்பி நடந்தால், ஐந்தாவது ஆள் வரும்போது காகிதம் தயாராகிவிடும்.

பிள்ளைகள் செய்யலாம்

சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை கினிப் பன்றியை நிறுத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வர வேண்டும். இது பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. 50 கிராம் குறைந்தால் கவனிக்க வேண்டும். 100 கிராம் குறைந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும்.

தினமும் காலையில் புழுக்கையைப் பார்க்க வேண்டும். கரும் பழுப்பாக, ஒரே அளவாக, ஏராளமாக இருந்தால் குடல் ஓடுகிறது. சிறுத்துப் போனாலும், குறைந்து போனாலும், இளகிப் போனாலும் கோளாறு ஆரம்பம். கோடை வெயிலிலும் இது தீனியைக் குறைக்கும். கூண்டு நிழலிலும் காற்றோட்டத்திலும் இருக்கட்டும்.

அரை நாள் தீனியைத் தொடவில்லை என்றால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. வயிறு உப்பியிருந்தால் அரை நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. எல்லாக் கால்நடை டாக்டர்களும் கினிப் பன்றியைப் பார்த்துப் பழகியவர்கள் அல்லர். ஆகவே, பார்க்கக் கூடிய டாக்டர் ஊரில் யார், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார் என்பதைப் பிராணி வாங்குவதற்கு முன்பே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் கூண்டின் மேல் ஒட்டி வைக்க வேண்டும்.